கத்தரிப்பூ நிற ரயில்

போன மாதம் பொன்மலைச் சந்தையைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டுப் பழைய நண்பர் ஒருவர் போன் செய்தார். “எப்பப் பார்த்தாலும் பட்டறை, சந்தை, சங்குன்னே எழுதறியே. வீட்ல பேத்தி இருக்கா, அவளைப் பத்தி எழுதேன்” என்றார். இந்த வாரம் பேத்தியைப் பற்றித்தான். ஆனால் பட்டறையும் கூடவே வரும், என்னால் தவிர்க்க முடியவில்லை.

விஷயம் சின்னது. குழந்தைகளோடு உட்கார்ந்து ரயில் படத்துக்குக் கலர் அடிப்பது. இதில் என்ன எழுத இருக்கிறது என்று நினைப்பீர்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். இதில் ஒரு தப்பைச் செய்தேன். அதே தப்பை முப்பது வருஷத்துக்கு முன்னாலும் செய்திருக்கிறேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பேத்திக்கு ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. யு.கே.ஜி. படிக்கிறாள். மகனுக்குச் சென்னையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் கிளம்புவான். வெள்ளி ராத்திரி அங்கே ஏறி, சனிக்கிழமை விடியற்காலையில் வந்து சேருவான். மருமகளுக்கு இங்கேயே வங்கியில் உத்தியோகம். அதனால் பள்ளிக்கூட வேன் வந்து நிற்கும் நேரத்திலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் குழந்தை என் பொறுப்பு. “மாமா, போனை மட்டும் கையில கொடுத்துடாதீங்க” என்று மருமகள் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். போன் இல்லாமல் மூன்று மணி நேரம் ஒரு குழந்தையை உட்கார வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களில் பலருக்குத் தெரியும்.

தெருமுனை ஜெராக்ஸ் கடைப் பையனிடம் கேட்டேன். “ரயில் படமா தாத்தா? நிறைய இருக்கு” என்று பத்துப் பக்கம் எடுத்துக் கொடுத்தான். எல்லாம் கார்ட்டூன் ரயில். எஞ்சினுக்குக் கண், மூக்கு, வாய், கன்னம்கூட இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. 1980ல் கலாசியாகச் சேர்ந்து முப்பத்தைந்து வருஷம் பொன்மலைப் பட்டறையின் பெயின்ட் ஷாப்பில் இருந்தவன் நான். சிரிக்கிற எஞ்சின் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

இந்த முகம் வைத்த ரயில்களின் கதையை மகன் எனக்குச் சொன்னான். ‘தாமஸ்’ என்கிற நீல நிற எஞ்சினைத் தொலைக்காட்சியில் உங்கள் பேரப்பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அதை உண்டாக்கியவர் வில்பர்ட் ஆட்ரி என்ற இங்கிலாந்துப் பாதிரியார். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அவருடைய சின்னப் பையனுக்குத் தட்டம்மை போட்டு, படுக்கையிலேயே கிடந்தானாம். அவனுக்குப் பொழுது போகட்டும் என்று அப்பா சொன்ன கதைகள்தான் அவை. முதல் புத்தகம் 1945ல் வந்தது. தாமஸ் வந்தது அடுத்த வருஷத்துப் புத்தகத்தில். அம்மை போட்ட பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்ன அப்பா என்று கேட்டதும் அந்த மனிதர் எனக்கு நெருக்கமாகிவிட்டார். நம் வீட்டிலும் வேப்பிலை விரித்து, பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னவர்கள்தானே எல்லோரும்.

முதல் புத்தகத்தில் ஹென்றி என்று ஒரு பச்சை எஞ்சின் வருகிறது. மழை பெய்தால் தன் பெயின்ட் கெட்டுப்போகும் என்று சுரங்கத்துக்குள்ளேயே நின்றுகொண்டு, வெளியே வரமாட்டேன் என்று அடம் பிடிக்கும். இதைப் பேத்திக்குச் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மழையில் ரயில் பெயின்ட் கெடாது. வெயில்தான் வெளுக்க வைக்கும். பிரேக் கட்டை தேய்ந்து பறக்கிற இரும்புத் தூள் பெட்டியின் அடிப்பாகத்தில் படிந்து செம்பழுப்பாக்கும். அந்தக் கறையோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

முதல் நாள் பேத்தி எடுத்தது கத்தரிப்பூ நிறக் க்ரேயான். எஞ்சின் முழுக்க அதையே தீட்டினாள். சக்கரத்துக்கு மஞ்சள். புகைக்குப் பச்சை. கோட்டுக்கு வெளியே வேறு போய்விட்டது. எனக்குக் கை பரபரத்தது.

“கண்ணு, எந்த ரயிலும் இந்தக் கலர்ல இருக்காது” என்றேன்.

“இது இருக்கு” என்றாள்.

“தாத்தா ரயிலுக்கே பெயின்ட் அடிச்சவன். எனக்குத் தெரியாதா? கறுப்பு எடு. இப்படிப் பிடி. கோட்டைத் தாண்டாம, ஒரே பக்கமா இழு” என்று சொல்லி, அவள் கையைப் பிடித்து நானே தீட்ட ஆரம்பித்தேன். கை என் கைக்குள் சும்மா இருந்தது. ஒரு நிமிஷம் கழித்து மெதுவாக உருவிக்கொண்டாள். க்ரேயான் பெட்டியை மூடி என் பக்கம் தள்ளி, “நீங்களே போடுங்க தாத்தா” என்று எழுந்து போய்விட்டாள். கோபமெல்லாம் இல்லை. அழவும் இல்லை. அடுத்த மூன்று நாளும் படம் பக்கமே வரவில்லை. நான் கூப்பிட்டால், “அப்புறம் தாத்தா” என்பாள்.

என் மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னாள்: “பட்டறையில பண்ணினது போதாதா? இங்கயும் சூப்பர்வைசரா?”

சனிக்கிழமை மகன் வந்ததும் இதைச் சொன்னேன், அவனாவது என் பக்கம் பேசுவான் என்று. அவன் ஒன்றும் பேசாமல் போனை எடுத்து ஒரு படம் காட்டினான். ‘கோல்டன் சாரியட்’ என்று கர்நாடக அரசின் சுற்றுலாத் துறை ஆரம்பித்த சொகுசு ரயில். 2008ல் ஓட ஆரம்பித்ததாம். பெட்டியெல்லாம் நல்ல கத்தரிப்பூ நிறம், தங்க நிற வேலைப்பாடு. முப்பத்தைந்து வருஷ அனுபவம் யு.கே.ஜி. குழந்தையிடம் தோற்றுவிட்டது.

அதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவன் இன்னொன்றும் சொன்னான்.

“அப்பா, எனக்கும் நீங்க இதேதான் செஞ்சீங்க. ஞாபகம் இருக்கா?”

எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் வேறு மாதிரி. அவன் மூன்றாம் வகுப்பு படித்தபோது, 1995 வாக்கில், பள்ளியில் ரயில் படம் வரைந்து வரச் சொன்னார்கள். ஏழு பெட்டி வரைந்து ஏழு கலர் அடித்திருந்தான். ரயில்வேக்காரன் வீட்டிலிருந்து இப்படி ஒரு படம் போகலாமா? நான் புதுத்தாள் எடுத்து, ஸ்கேல் வைத்து ஜன்னல் போட்டு, அந்தக் காலத்துப் பெட்டியின் அசல் செங்காவி நிறம் வருகிற வரைக்கும் சிவப்பும் பழுப்பும் கலந்து, ராத்திரி பதினொரு மணிவரை உட்கார்ந்து முடித்துக் கொடுத்தேன். ‘மிக நன்று’ என்று நட்சத்திரம் போட்டு வந்தது. குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கக் காட்டினேன். நல்ல அப்பாவாக இருந்த நாட்களில் ஒன்று என்று இத்தனை வருஷம் அதை மனதில் வைத்திருந்தேன்.

அவன் ஞாபகத்தில் இருந்தது இது: “டீச்சர் அதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கு அழுகையா வந்துச்சு. அது நான் போட்டதில்லைன்னு எனக்குத் தெரியும்ல. அதுக்கப்புறம் டிராயிங் பீரியட்னா செடிக்குத் தண்ணி ஊத்தறேன்னு போயிடுவேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை. அவன் போட்ட அந்த ஏழு கலர் தாள் என்ன ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தேன். தெரியவில்லை. நான்தான் கசக்கிப் போட்டிருக்க வேண்டும்.

அன்று ராத்திரி வெகு நேரம் யோசித்தேன். ரயிலின் சரியான நிறம் என்று எதைச் சொன்னேன்? நான் வேலையில் சேர்ந்தபோது பெட்டிகளெல்லாம் செங்காவி. தொண்ணூறுகளில் ஏர் பிரேக் பெட்டிகள் பெருகியபோது நீலம் வந்தது. ‘இது என்ன ரயில் மாதிரியே இல்லையே’ என்று நாங்களே முணுமுணுத்தோம். இரண்டு வருஷத்தில் பழகிவிட்டது. ஊட்டி மலை ரயில் பெட்டிக்கு நீலமும் வெண்மஞ்சளும். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் செய்த வந்தே பாரத் 2019ல் வெள்ளையும் நீலமுமாக ஓட ஆரம்பித்தது. 2023ல் அதுவே காவி நிறத்திலும் வந்துவிட்டது. அந்தந்த வருஷம் மேலிடம் போடுகிற உத்தரவுதான் சரியான நிறம்.

நாங்கள் செய்ததெல்லாம் அந்த உத்தரவை நிறைவேற்றியதுதான். பழைய பெயின்டைச் சுரண்டுவோம். பள்ளம் இருக்கிற இடத்தில் பட்டி பார்ப்போம். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்போம். பிரைமர், அப்புறம் எனாமல். காய்ந்தபிறகு அச்சுத் தகடு வைத்து எண்ணும் எழுத்தும். அந்த வேலையைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஒழுகாமல், திட்டுத் தெரியாமல் ஒரு பெட்டி வெளியே போகும்போது மனசு நிறையும். ஆனால் முப்பத்தைந்து வருஷத்தில் எத்தனையோ பெட்டிகளுக்குப் பெயின்ட் அடித்த நான், ஒரு தடவைகூட ஒரு நிறத்தை நானாக எடுத்ததில்லை. என் பேத்தி பெட்டியைத் திறந்த முதல் நிமிஷத்திலேயே அதைச் செய்தாள். அதைத்தான் நான் தப்பு என்று சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் எனக்கென்று ஒரு பக்கம் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அவளைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் வந்து எட்டிப் பார்த்தாள்.

“உங்க ரயிலுக்கு என்ன கலர் தாத்தா?”

“தெரியலையே கண்ணு.”

“நீங்களே எடுத்துக்கோங்க” என்றாள், பெரிய மனுஷி போல. பன்னிரண்டு குச்சி இருந்தது பெட்டியில். சிரிக்காதீர்கள், உண்மையிலேயே எதை எடுப்பது என்று எனக்குப் புரியவில்லை. அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். கடைசியில் பச்சையை எடுத்தேன். “நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு, தன் பக்கத்தை எடுத்துக்கொண்டு என் அருகிலேயே உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து தினமும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம். ஒரு நாள் கவனித்தேன். எஞ்சினும் முதல் மூன்று பெட்டிகளும் வழக்கம்போல மஞ்சள், ரோஸ், கத்தரிப்பூ. கடைசிப் பெட்டி மட்டும் முழுக்கக் கறுப்பு. ஜன்னல்கூட வைக்கவில்லை. பழைய ஆளாக இருந்தால், ‘ஏன் இப்படி அசிங்கமா அடிச்சே?’ என்று கேட்டிருப்பேன். இப்போது, “இந்தப் பெட்டியில யார் போறாங்க?” என்று மட்டும் கேட்டேன்.

தலையைத் தூக்காமலே சொன்னாள்: “அப்பா. அது ராத்திரி ரயில். நான் தூங்கினப்புறம் போவுது.”

நான் என் பக்கத்தைத் தீட்டிக்கொண்டே இருந்தேன். அவளும் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே, “சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க தாத்தா” என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அழக் கூடாதே என்று, அவளைத் தூங்க வைத்துவிட்டுத்தான் மகன் கிளம்பிக்கொண்டிருந்தான். நாங்கள் எல்லோரும் அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது அவன் சொல்லிவிட்டுத்தான் போகிறான். முதல் வாரம் அழுதாள். வாசல்வரை வந்து கை காட்டுகிறாள். இப்போதும் சில வாரம் அழுவாள்.

எதிரே உட்கார வைத்து, ‘மனசுல என்ன இருக்கு, சொல்லு’ என்று கேட்டிருந்தால் இது வந்திருக்காது. கை ஒரு வேலையில் இருக்கும்போது, கண்ணுக்குக் கண் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, குழந்தைகளுக்குப் பேச்சு வருகிறது. பட்டறையிலும் அப்படித்தான். பக்கத்துப் பக்கத்தில் நின்று உப்புத்தாள் தேய்க்கும்போதுதான் ஒருவன் தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்வான். கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்தால் அரசியல்தான் பேசுவான்.

இப்போது என் அபிப்பிராயம். படித்தவர்கள் சிலர், அச்சடித்த படத்துக்குக் கலர் அடிக்கிறது குழந்தையின் கற்பனையைக் கெடுக்கும், வெள்ளைத்தாள்தான் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். வெள்ளைத்தாளும் கொடுங்கள், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கோடு போட்ட படம் கெடுக்கும் என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ரயில் தண்டவாளத்தில்தான் ஓடுகிறது. அதற்காக அதில் போகிறவன் எங்கே போகிறான் என்பதைத் தண்டவாளமா தீர்மானிக்கிறது? நாலு கோட்டுக்குள்ளே அப்பாவின் ராத்திரி ரயிலை அவள் ஓட்டவில்லையா? அந்தத் தாளால் ஒரு கெடுதலும் வரவில்லை. வந்ததெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து திருத்திய என்னால்தான்.

கலர் அடிக்கிற போட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தைகள் தினம், குடியரசு தினம் என்றால் போட்டி வைத்துவிடுகிறார்கள். பரிசு வாங்குகிற படம் பல நேரம் அம்மாவோ அப்பாவோ தீட்டிய படம். ஜட்ஜ்களுக்கும் தெரியும். என் மகனுக்கு வந்த நட்சத்திரத்தைப் போன்ற பரிசு அது. உங்கள் பேரக்குழந்தைகளை அதற்குத் தயார் செய்யாதீர்கள்.

நம் வயசுக்காரர்களுக்கு எனக்குத் தெரிந்த சில யோசனைகள். உங்களுக்கென்று தனிப் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் பக்கத்தில் கை வைக்காதீர்கள். மூன்று, நாலு வயசுக் குழந்தைக்குத் தடிமனான க்ரேயான் வாங்குங்கள். மெல்லியது ஒடியும், ஒடிந்தால் திட்டு வாங்குமோ என்று குழந்தை பயப்படும். ‘சூப்பர், சூப்பர்’ என்று தலையைத் தூக்காமல் சொல்வதைவிட, ‘இந்த வண்டி எங்கே போவுது? உள்ளே யார் இருக்காங்க?’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். தாளின் பின்பக்கம் தேதி எழுதி ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் போடுவதற்கு முன்னால் குழந்தையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். என் பேத்தி, “கறுப்புப் பெட்டி படத்தைப் போடக் கூடாது” என்று சொல்லிவிட்டாள். போடவில்லை. அவளைக் கேட்டுக்கொண்டுதான் இங்கே எழுதவும் செய்கிறேன்.

நமக்குக் கண் மங்குகிறது, கை நடுங்குகிறது, கோட்டைத் தாண்டிப் போகிறது என்று தயங்காதீர்கள். என் பச்சை ரயிலிலும் புகைபோக்கிக்கு வெளியே போய்விட்டது. பேத்தி பார்த்துவிட்டு, “பரவால்ல தாத்தா, அது காத்துல பறக்குது” என்றாள். பட்டறையில் ஒருத்தரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. நானும் என் மகனிடம் சொன்னதில்லை.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேருக்கும் சேர்த்துப் பிரிண்ட் எடுக்கப் போகிறேன். மகனுக்கும் ஒரு பக்கம் கொடுப்பதாக இருக்கிறேன். ஏழு பெட்டி உள்ள படமாகத் தேடித் தரச் சொல்லி ஜெராக்ஸ் கடைப் பையனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவன் போடுகிறானோ இல்லையோ, கொடுத்துப் பார்க்கிறேன்.